'நியாய வணிகம்' என்று அச்சடித்திருந்தால் போதுமா?

கேள்வி: பங்களாதேஷில் ஆடைத் தொழிற்சாலைக் கட்டடம் இடிந்து விழுந்ததைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றைச் சமீபத்தில் பார்த்தேன். அதற்கப்புறம் துணியோ காப்பித்தூளோ கூடையோ எதை வாங்கப் போனாலும், 'இதைச் செய்தவருக்கு என்ன கிடைத்திருக்கும்' என்ற எண்ணம் விடுவதில்லை. ஃபேர் டிரேட், அதாவது நியாய வணிக முத்திரை உள்ள பொருட்களைத் தேடி வாங்க ஆரம்பித்தேன். விலை கூடுதலாக இருக்கிறது. முத்திரைகளும் பலவிதம், எது எதைச் சொல்கிறது என்று புரியவில்லை. 'எல்லாம் விளம்பரம், விவசாயிக்கு ஒன்றும் போகாது' என்கிறார் என் கணவர். வீட்டுக்கு அருகில் ஒரு கைவினைப் பொருள் கடை இருக்கிறது. அங்கே எந்த முத்திரையும் கிடையாது. கேட்டால், 'எல்லாம் உள்ளூரில் கையால் செய்தது, நம்பி வாங்குங்க' என்கிறார்கள். யாரை நம்புவது? ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கும் துணிமணிகளைப் பார்த்தாலே குற்ற உணர்வாக இருக்கிறது. அவற்றை என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தொழிற்சாலைகளிலும் பட்டறைகளிலும் தொழிலாளர்களின் நிலையைத் தணிக்கை செய்வது என் தொழில். கூலிப் பதிவேட்டைப் புரட்டுவது, தைக்கிறவர்களோடு தனியாக உட்கார்ந்து பேசுவது, அவசர வழிக் கதவு திறக்கிறதா என்று தள்ளிப் பார்ப்பது, இவைதான் என் அன்றாட வேலை. உங்கள் கணவர் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். அவருடைய சந்தேகம் நியாயமானது. ஆனால் 'ஒன்றும் போகாது' என்ற முடிவு சரியில்லை.

முத்திரை எப்படி வந்தது என்று தெரிந்தால், அது எதற்குப் பொறுப்பேற்கிறது என்பதும் புரியும். 1946-ல் எட்னா ரூத் பைலர் என்ற அமெரிக்கப் பெண்மணி போர்ட்டோ ரிக்கோவுக்குப் போனபோது, அங்கிருந்த ஏழைப் பெண்கள் செய்த பூத்தையல் துணிகளைப் பார்த்தார். அவற்றை வாங்கி வந்து தன் ஊரில் அக்கம்பக்கத்தாரிடமும் நண்பர்களிடமும் விற்றுக் கொடுத்தார். செய்தவர்களை அவருக்குத் தெரியும், வாங்கியவர்களுக்கு அவரைத் தெரியும். அங்கே முத்திரைக்கு வேலையே இல்லை.

முத்திரை வந்தது 1988-ல், நெதர்லாந்தில். மெக்சிகோவின் ஓஹாகா மலைப்பகுதிச் சிறு விவசாயிகளின் கூட்டுறவு, தங்கள் காப்பியை நியாயமான விலைக்குச் சாதாரணக் கடைகளிலேயே விற்க வழி தேடியது. காப்பி வாங்குகிறவருக்கு அந்த மலையும் தெரியாது, மனிதர்களும் தெரியாது. நடுவில் நின்று 'இவர்களுக்குச் சேர வேண்டியது சேர்ந்தது' என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குப் பதிலாக ஒட்டப்பட்டதுதான் முத்திரை. அடுத்த ஆண்டே, எந்த நாடு எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்று வரம்பு வைத்து, காப்பி விலையை ஓரளவு தாங்கிப் பிடித்திருந்த சர்வதேச ஒப்பந்தத்தின் ஒதுக்கீட்டு முறை உடைந்தது. உலகச் சந்தையில் விலை சரிந்தது. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பார்களே, அந்த ஆண்டுகளில் பல நாடுகளின் காப்பி விவசாயிகள் அப்படித்தான் நின்றார்கள்.

சரி, பணம் எப்படிப் போகிறது? சர்வதேச ஃபேர்டிரேட் முத்திரையை எடுத்துக்கொள்வோம். நீலமும் பச்சையும் கலந்த வட்டமும், கறுப்புப் பின்னணியில் கையை உயர்த்திய மனிதர் போன்ற உருவமும் இருக்குமே, அதுதான். அதில் இரண்டு ஏற்பாடுகள் முக்கியம். ஒன்று குறைந்தபட்ச விலை. கழுவிப் பதப்படுத்திய அராபிகா காப்பிக்கு, பவுண்டுக்கு 1.40 டாலராக இருந்த இந்த விலை 2023 ஆகஸ்டில் 1.80 டாலராக உயர்ந்தது. பவுண்டு என்பது ஏறக்குறைய 450 கிராம். சந்தை விலை இதைவிடக் கீழே போனாலும் வாங்குகிறவர் இதைக் கொடுத்தாக வேண்டும். மேலே போனால் சந்தை விலையைக் கொடுக்க வேண்டும். இரண்டாவது பிரீமியம், அதாவது விலைக்கு மேல் கொடுக்கும் கூடுதல் தொகை. காப்பிக்கு இது பவுண்டுக்கு 20 சென்ட். இந்தப் பணம் தனி ஆளுக்குப் போகாமல் கூட்டுறவுக்குப் போகிறது. களம் போடுவதா, பள்ளிக்குக் கூரை போடுவதா, இயந்திரம் வாங்குவதா என்று உறுப்பினர்களே கூடி முடிவு செய்கிறார்கள். விலை நன்றாக இருக்கும் ஆண்டில் இந்த ஏற்பாட்டின் அருமை வெளியே தெரியாது. விலை விழும் ஆண்டில்தான் தெரியும். கடன்காரரிடம் நிலத்தை இழப்பதும் இழக்காமல் இருப்பதும் அந்த ஓராண்டில் தீர்மானமாகிவிடும்.

இனி உங்கள் கணவர் பக்கம் வருகிறேன். சான்று பெற்ற கூட்டுறவுகள் பலவற்றால் தங்கள் விளைச்சல் முழுவதையும் இந்த விலைக்கு விற்க முடிவதில்லை, ஏனென்றால் அந்த விலைக்கு வாங்க முன்வருபவர்கள் போதுமான அளவு இல்லை. மிச்சம் சாதாரணச் சந்தை விலைக்கே போகிறது. அடுத்தது, குறைந்தபட்ச விலை நிலம் வைத்திருப்பவரைக் காக்கிறது. அந்த நிலத்தில் பழம் பறிக்க வரும் கூலியாளுக்கு அது தானாகப் போய்ச் சேர்வதில்லை. எத்தியோப்பியாவிலும் உகாண்டாவிலும் செய்த ஆய்வை லண்டன் பல்கலைக்கழகத்தின் சோயாஸ் நிறுவனம் 2014-ல் வெளியிட்டது. சான்று பெற்ற அமைப்புகள் இயங்கிய பகுதிகளில் கூலித் தொழிலாளர்களின் நிலை, மற்ற இடங்களைவிட மேலாக இல்லை, சில இடங்களில் மோசமாகவே இருந்தது என்றது அந்த ஆய்வு. முத்திரை அமைப்பு அந்த முடிவை ஏற்கவில்லை. ஆனாலும் அது எழுப்பிய கேள்வி சரியானது. பறிக்கிறவரின் கூலி என்ன என்ற கேள்வியைத் தணிக்கை செய்கிற நாங்கள் இன்னும் உரக்கக் கேட்டிருக்க வேண்டும்.

தணிக்கை செய்கிற ஆள் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். 2012 செப்டம்பரில் கராச்சியில் ஓர் ஆடைத் தொழிற்சாலை தீப்பிடித்து 250-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வெளியேற வழியில்லாமல் இறந்தவர்கள் பலர். சில வாரங்களுக்கு முன்புதான் அந்தத் தொழிற்சாலைக்கு, தொழிலாளர் நலனுக்கான பெயர்பெற்ற சர்வதேசச் சான்று கிடைத்திருந்தது. நீங்கள் படத்தில் பார்த்த ராணா பிளாசா, அடுத்த ஆண்டு, 2013 ஏப்ரல் 24-ம் தேதி இடிந்தது. முந்தின நாளே சுவரில் விரிசல் கண்டார்கள். கீழ்த்தளத்துக் கடைகளையும் வங்கியையும் மூடினார்கள். மேல்தளத்துத் தையல்காரர்களை மட்டும் வேலைக்கு வரச் சொன்னார்கள். 1,100 பேருக்கு மேல் செத்தார்கள்.

என் அனுபவத்திலும் ஒன்று உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பட்டறையின் கூலிப் பதிவேட்டைப் பார்த்து எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தேன். ஆறு மாதப் பதிவும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஓர் அடித்தல் திருத்தல்கூட இல்லாமல் இருந்ததை நான் கவனிக்கவில்லை. ஒரே நாளில் உட்கார்ந்து எழுதிய பதிவேடு அது. பிறகு தெரிய வந்தபோது வெட்கமும் வேதனையும் பட்டேன். அதிலிருந்து, 'ஓவர்டைம் பணம் தருகிறார்களா' என்று நான் யாரிடமும் கேட்பதில்லை. 'நேற்று எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனீங்க' என்றுதான் கேட்கிறேன். முதல் கேள்விக்குச் சொல்லிக் கொடுத்த பதில் வரும். இரண்டாவதற்கு உண்மை வரும். கடையில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகளும் இந்த ஜாதிதான். அதற்குக் கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

முதலில் முத்திரைக் குழப்பம். ஒரு முத்திரை ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறது. அந்தக் கேள்வி எது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். ஃபேர்டிரேட் முத்திரை பொருளைப் பற்றியது: இந்தக் காப்பி, இந்தக் கோகோ, இந்தப் பருத்தி அந்த விதிகளின்படி வாங்கப்பட்டதா? வெள்ளைப் பின்னணியில் அதே முத்திரை வந்து பக்கத்தில் 'கோகோ' போல ஒரே ஒரு மூலப்பொருளின் பெயர் இருந்தால், அந்த ஒரு பொருளுக்கு மட்டுமே உறுதி. மற்றவை எப்படியும் இருக்கலாம். முத்திரைக்கு அருகில் அம்புக்குறி இருந்தால், பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள் என்று பொருள். கோகோ, கரும்புச் சர்க்கரை, தேயிலை, பழச்சாறு ஆகியவற்றில் சான்று பெற்ற சரக்கும் பெறாத சரக்கும் ஆலையில் கலக்க விதி இடம் கொடுக்கிறது. நிறுவனம் எவ்வளவு சான்றுச் சரக்கு வாங்கியதோ அவ்வளவுக்கு ஈடான பொருளில்தான் முத்திரை போடலாம். ஆகவே உங்கள் கையிலிருக்கும் சாக்லேட்டில் அந்த விவசாயியின் கோகோ ஒரு துளியும் இல்லாமல் போகலாம், ஆனால் அவருக்குப் பணம் போயிருக்கும். இது ஏமாற்று வேலை என்று சிலர் கோபப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிறு விவசாயிகளின் கோகோவுக்குத் தனி ஆலை வைக்கச் சொன்னால் பல நிறுவனங்கள் வாங்கவே வராது. ஆனால் இதைப் பாக்கெட்டின் முன்பக்கத்திலேயே தெளிவாகச் சொல்லலாம்.

உலக நியாய வணிக அமைப்பின் முத்திரை வேறு வகை. அது அமைப்பு முழுவதையும் 10 கொள்கைகளின்படி பார்க்கிறது. கைவினைப் பொருட்களில் அதிகம் தென்படுவது இதுதான். அந்தக் கொள்கைகளில் எனக்கு மிகவும் பிடித்தது முன்பணம் பற்றியது: கைவினைப் பொருளுக்கு ஆர்டர் கொடுக்கும்போது, செய்கிறவர் கேட்டால் குறைந்தது 50 சதவீதத்தை வட்டியில்லாமல் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். நூலும் சாயமும் கடன் வாங்கித்தான் வாங்க வேண்டும் என்ற நிலைமையில் இருப்பவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, வட்டி கட்டியவர்களுக்குத் தெரியும்.

தவளைப் படம் போட்ட ரெயின்ஃபாரஸ்ட் அலயன்ஸ் முத்திரை காடு, மண், வேலைச்சூழல் ஆகியவற்றைப் பார்க்கிறது. ஃபேர்டிரேட் போல நிலையான குறைந்தபட்ச விலை அதில் இல்லை. துணிகளில் வரும் ஜிஓடிஎஸ் (GOTS) முத்திரை, இயற்கை வேளாண்மையில் விளைந்த பருத்தி போன்ற இழைகளுக்கானது; பதப்படுத்தும் இடங்களின் தொழிலாளர் நிலைக்கும் விதிகள் உண்டு. சான்றளித்தவர் பெயரும் உரிம எண்ணும் லேபிளில் இருக்க வேண்டும். அந்த எண்ணை அவர்களுடைய பொதுப் பட்டியலில் போட்டுப் பார்க்கலாம். எண் இல்லாவிட்டால் சந்தேகப்படுங்கள். கைலாஷ் சத்யார்த்தி முன்னின்று 1994-ல் தொடங்கிய, இப்போது குட்வீவ் என்று அழைக்கப்படும் கம்பள முத்திரையிலும் ஒவ்வொரு கம்பளத்துக்கும் தனி எண் உண்டு. அது குழந்தைத் தொழிலாளர் பிரச்சினைக்காகவே பிறந்த முத்திரை. மற்றபடி 'இயற்கை', 'பசுமை', 'அக்கறையுடன் தயாரித்தது' போன்ற சொற்கள் மட்டும் இருந்தால், யாரோ போய்ச் சரிபார்த்தார்கள் என்று அதற்குப் பொருள் இல்லை. அவற்றுக்காக ஒரு காசுகூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

இப்போது உங்கள் வீட்டருகே உள்ள கடை. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது இந்த இடம்தான். பக்கத்தில் செய்தது என்பதாலேயே ஒரு பொருள் நியாயமாகச் செய்ததாகிவிடாது. மிகக் குறைந்த கூலியும் பள்ளிக்குப் போகாத பிள்ளையும் அடுத்த தெருவிலும் இருக்கலாம். முத்திரை இல்லை என்பதாலேயே அந்தக் கடையை ஒதுக்கவும் கூடாது. சான்று பெறக் கட்டணம் உண்டு, எழுத்து வேலை உண்டு, ஆண்டுதோறும் தணிக்கை உண்டு. பத்துப் பேர் சேர்ந்து கூடை பின்னும் ஒரு குழுவால் அதைச் சமாளிக்க முடியாது. கடல் தாண்டி வரும் பொருளுக்கு முத்திரைதான் உங்களுக்கு இருக்கும் ஒரே பிடிமானம். அருகில் செய்யப்படும் பொருளுக்கு அதைவிட நல்ல வசதி உங்களுக்கு இருக்கிறது: நீங்களே கேட்கலாம், சில சமயம் நேரிலேயே போய்ப் பார்க்கலாம்.

எப்படிக் கேட்பது? 'நியாயமான கூலி கொடுக்கிறீர்களா' என்று கேட்டால் 'ஆமாம்' என்று சொல்லாத கடைக்காரரே இல்லை. அதற்குப் பதிலாக, 'இந்தக் கூடையைப் பின்னியவர் யார், அவரிடம் எவ்வளவு காலமாக வாங்குகிறீர்கள்' என்று கேளுங்கள். 'இதை முடிக்க அவருக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்' என்று கேளுங்கள். பேச்சு நன்றாகப் போனால், விலையை யார் சொல்கிறார்கள், செய்கிறவரா நீங்களா என்றும், சரக்கை எடுக்கும்போதே பணம் கொடுக்கிறீர்களா, விற்ற பிறகா என்றும், பின்னலில் குறை இருந்தால் நட்டம் யாருடையது என்றும் கேட்கலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்டால் விசாரணை மாதிரி ஆகிவிடும். ஒவ்வொரு முறை போகும்போதும் ஒன்று போதும்.

பதிலில் என்ன சொல்கிறார் என்பதைவிட, எப்படிச் சொல்கிறார் என்பதைப் பாருங்கள். செய்கிறவர்களை நிஜமாகவே அறிந்த கடைக்காரரின் பேச்சில் மனிதர்கள் வருவார்கள். 'மழைக்காலத்தில் நார் காயாது, அதனால் அந்த அம்மா இரண்டு மாதம் கொடுக்க மாட்டார், நாங்களும் கேட்க மாட்டோம்' என்பார். 'போன வருஷம் கூலியை ஏற்றிக் கேட்டாங்க, அதான் விலை ஏறிடுச்சு' என்று கொஞ்சம் சலிப்போடுகூடச் சொல்வார். அந்தச் சலிப்பு எனக்கு நல்ல அடையாளம். செய்கிறவரால் கூலியை ஏற்றிக் கேட்க முடிகிறது என்று அதற்குப் பொருள். தெரியாதவர் பேச்சில் மனிதர்கள் வர மாட்டார்கள். 'எல்லாம் கைவேலைதாங்க' என்பதோடு நின்றுவிடும். அப்படிச் சொன்னாலும் உடனே அவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்ட வேண்டாம். மொத்த வியாபாரியிடம் வாங்கி விற்கும் பலருக்கு உண்மையிலேயே தெரியாது. 'அடுத்த முறை கேட்டு வைக்கிறீங்களா' என்று சொல்லிவிட்டு வாருங்கள். இரண்டு மூன்று வாடிக்கையாளர்கள் இதையே கேட்டால் அவர் மொத்த வியாபாரியிடம் கேட்பார். நான் இதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு சின்னக் கணக்கும் கைவசம் இருக்கட்டும். ஒரு தோள்பையில் கையால் பூத்தையல் போட ஓர் ஆளுக்கு இரண்டு நாள் ஆகும் என்று கடைக்காரரே சொல்கிறார் என்று வையுங்கள். நீங்கள் இருக்கும் இடத்தில் சட்டப்படியான குறைந்தபட்ச நாள் கூலி என்ன என்பது அரசு வெளியிடும் தகவல்தான். இரண்டு நாள் கூலியோடு துணிக்கும் நூலுக்கும் கடைக்காரரின் லாபத்துக்கும் கொஞ்சம் சேர்த்துப் பாருங்கள். பையின் விலை அதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை என்றால், ஒன்று, அது கைவேலை இல்லை, இயந்திர வேலை. இல்லையென்றால் யாரோ ஒருவர் வீட்டில் உட்கார்ந்து துண்டுக்கு இவ்வளவு என்ற கணக்கில், கூலி என்று சொல்ல முடியாத ஒரு தொகைக்குத் தைத்திருக்கிறார். வீட்டிலிருந்து தைக்கும் பெண்களின் உழைப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. என் வேலையில் எனக்கு மிகவும் கடினமான பகுதியும் அதுதான். இந்தக் கணக்கு ஒரு பக்கம்தான் வேலை செய்யும் என்பதையும் நினைவில் வையுங்கள். விலை மிகவும் குறைவு என்றால் ஏதோ தவறு நடந்திருக்கிறது என்று சொல்லலாம். விலை அதிகம் என்பதால் செய்தவருக்கு நிறையப் போனது என்று சொல்ல முடியாது.

செய்தவரிடமே நேராக வாங்கும் வாய்ப்புக் கிடைத்தால் பேரம் பேசாதீர்கள். அதைவிட முக்கியம், சொன்னதை மாற்றாதீர்கள். பத்து வேண்டும் என்று ஆர்டர் கொடுத்துவிட்டு ஆறு போதும் என்பது, பணத்தை அடுத்த மாதம் தருகிறேன் என்பது, நிறம் பிடிக்கவில்லை என்று திருப்புவது; பெரிய நிறுவனங்கள் தொழிற்சாலைகளுக்குச் செய்வதையே நாம் சிறிய அளவில் செய்கிறோம். தொழிற்சாலைகளில் இரவெல்லாம் ஓவர்டைம் நடப்பதற்குக் காரணம் முதலாளியின் பேராசை மட்டும் என்று நினைக்க வேண்டாம். கடைசி நேரத்தில் டிசைனை மாற்றிவிட்டு, கப்பல் தேதியை மட்டும் மாற்ற மறுக்கும் வாங்குகிறவர்கள் பல இடங்களில் காரணம்.

செலவைப் பற்றிக் கவலைப்பட்டிருந்தீர்கள். வீட்டிலுள்ள எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்ற முயலாதீர்கள். அப்படித் தொடங்கியவர்கள் மூன்றாவது மாதம் களைத்து, எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள். மாதாமாதம் தவறாமல் வாங்கும் ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். காப்பி, தேயிலை, சர்க்கரை, சாக்லேட், இவற்றில் ஏதாவது ஒன்று. இந்தப் பொருட்களில்தான் முத்திரைக்கு நீண்ட அனுபவமும் தெளிவான விதிகளும் இருக்கின்றன. அதை ஆண்டு முழுவதும் விடாமல் வாங்குங்கள். எப்போதாவது ஒரு பெரிய தொகைக்கு வாங்குகிறவரைவிட, மாதம் தவறாமல் கொஞ்சம் வாங்குகிறவரை நம்பித்தான் ஒரு கூட்டுறவு அடுத்த ஆண்டுக்குத் திட்டம் போட முடியும். துணி விஷயத்தில், எண்ணிக்கையைக் குறைத்தால் வரும் மிச்சம் தரமான ஒன்றுக்குப் போதும். பழைய துணி வாங்குவதும் தைத்துப் போடுவதும் யாருக்கும் கூலியை உயர்த்தாது என்பது உண்மைதான். ஆனால் அவசரத்தில் மலிவாகத் தைக்கச் சொல்லும் நெருக்கடியில் உங்கள் பங்கு குறையும்.

கணவரோடு இதில் வாதாட வேண்டாம். அடுத்த முறை கடைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். சந்தேகப்படுகிறவர்கள்தான் நல்ல கேள்வி கேட்பார்கள்.

கடைசியாக, அலமாரியில் இருக்கும் துணிகள். தயவுசெய்து எதையும் தூக்கிப் போடாதீர்கள். அவற்றைத் தைத்தவர்களோடு நான் பேசியிருக்கிறேன். தங்கள் வேலையைப் பற்றி அவர்களுக்குப் பெருமை உண்டு. கழுத்துப்பட்டி தைப்பவர் கழுத்துப்பட்டியைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார். தாங்கள் தைத்ததை வாங்க வேண்டாம் என்று அவர்களில் ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை. ஒழுங்கான கூலி வேண்டும், கதவைப் பூட்டக் கூடாது, சங்கம் வைத்தால் வேலையை விட்டு அனுப்பக் கூடாது, இவைதான் அவர்கள் கேட்டவை. அந்தச் சட்டையைக் கிழியும்வரை உடுத்துங்கள். அந்த பிராண்டுக்கு, இதை எந்தத் தொழிற்சாலையில் தைத்தீர்கள் என்று கேட்டு ஒரு கடிதம் போடுங்கள். ராணா பிளாசாவுக்குப் பிறகு பல பெரிய நிறுவனங்கள் தங்கள் தொழிற்சாலைப் பட்டியலை வெளியிடத் தொடங்கியிருக்கின்றன. உங்களுக்கு என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.